மாமாவுக்கு ஒத்துக்கொள்ளாத மாத்திரை

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு மார்கழியில் நடந்தது இது. அப்போது நான் மயிலாப்பூரில் ஆக்டிங் டிரைவராக இருந்தேன். சொந்தமாக டிரைவர் வைத்துக்கொள்ளாத வீடுகளில் தேவைப்படும் நாளில் மட்டும் கூப்பிடுவார்கள். போய் அவர்கள் காரை ஓட்டிவிட்டு வர வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதற்குப் பிறகு லாரி கிளீனராக நாக்பூர் வரை போனேன். திருப்பூர் சாயப்பட்டறையில் ஒரு வருடம் இருந்தேன். பெங்களூர் ஓட்டலில் எட்டு மாதம் பாத்திரம் கழுவினேன். எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் இரண்டு பொங்கல் பார்த்ததில்லை. ஆக்டிங் டிரைவருக்கு முதலாளி தினமும் மாறுவார் என்பதால், ஓடிப்போக வேண்டிய அவசியம் எனக்கு அப்போது வரவில்லை.

மாதத்தில் நான்கைந்து முறை என்னைக் கூப்பிடும் வீடு ஒன்று இருந்தது. மாமா, மாமி இரண்டு பேர்தான். மகன் அமெரிக்காவில். மார்கழி ஆனால் அவர் வருவார், பத்து நாள் இருந்துவிட்டுப் போவார். வந்ததும் பெட்டியிலிருந்து ஏகப்பட்ட டப்பாக்களை எடுத்து வைப்பார். மீன் எண்ணெய் மாத்திரை, எலும்புக்கு, கண்ணுக்கு, மூட்டுக்கு என்று எல்லாம் பெரிய பெரிய டப்பா. வீட்டுக்காரர்களுக்கு ஒத்துவராதது வேலைக்கார அம்மாவுக்கும் வாட்ச்மேனுக்கும் டிரைவருக்கும் வரும். மயிலாப்பூரில் கார் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். எனக்குக்கூட அப்படி ஒரு ஷாம்பு வந்திருக்கிறது.

அந்த முறை மகனை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த மாலை, மாமி ஒரு வெள்ளை டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இந்தாப்பா, வைட்டமின். மாமாக்கு ஒத்துக்கலை. ஒரு நாள்தான் போட்டுண்டார், வீணாப் போறது. கார் ஓட்டி ஓட்டி உனக்குக் காலெல்லாம் மரத்துப் போறதுன்னியே, போட்டுக்கோ."

டப்பாவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நயாசின் என்று பெரிதாகவும், வைட்டமின் பி3 என்று சிறிதாகவும் போட்டிருந்தது. அதற்குக் கீழே 500 என்று ஒரு எண். மீதி எல்லாம் எறும்பு எழுத்து. வைட்டமின் என்ற சொல் எனக்குப் போதுமாக இருந்தது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் எதற்குப் போனாலும் பி காம்ப்ளெக்ஸ் என்று கொடுப்பார்களே, அதன் அமெரிக்க அண்ணன் என்று நினைத்துக்கொண்டேன்.

மந்தைவெளி ஆட்டோ ஸ்டாண்டில் என் நண்பன் ஒருவன் இருந்தான். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் வீடு. அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் குழந்தை. டப்பாவைக் காட்டியதும் அதைக் கையில் வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தான்.

"இன்னா மச்சி, ஃபாரின் ஐட்டம்லாம் வெச்சினுகீற? பெரிய ஆளு ஆய்ட்ட."

"வைட்டமின்டா. உடம்புக்கு சத்து. உனக்கும் கொஞ்சம் தரவா?"

"எனுக்கு இன்னாத்துக்கு? நான் ஏற்கெனவே காளை மாடு மாதிரி கீறேன். வூட்ல அது ரெண்டு உசுருக்குத் துன்னுது, அதுக்குக் குடு."

டீக்கடைக்காரரிடம் பேப்பர் வாங்கிப் பத்து மாத்திரைகளை மடித்துக் கொடுத்தேன். கொடுத்ததோடு நின்றிருக்கலாம். ஒரு டாக்டரைப் போலச் சொல்லவும் சொன்னேன்: "காலையில வெறும் வயித்துல ரெண்டு போடச் சொல்லு. சுடுதண்ணில. அப்பதான் உடம்புல ஒட்டும்." இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எந்த லேகியமும் வெறும் வயிற்றில்தான் வேலை செய்யும் என்று எங்கேயோ காதில் விழுந்தது. அவன் அந்தப் பொட்டலத்தைச் சட்டையின் உள்பையில் வைத்துப் பட்டனைப் போட்டான். வசூல் பணத்தைக்கூட அவன் அங்கே வைத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு டீக்கடையில் நின்று நான் மூன்று போட்டுக்கொண்டேன். இரண்டு என்று அவனுக்குச் சொன்னவன் எனக்கு ஒன்று கூட்டிக்கொண்டேன். ஆண்பிள்ளை உடம்பாயிற்றே. தண்ணீருக்குப் பதில் கொதிக்கக் கொதிக்க டீ.

மாமியை அடையாறில் அவர் தங்கை வீட்டில் விட வேண்டும். அது பனி கொட்டுகிற காலை. தெருவில் கோலத்தின் மேல் பூசணிப்பூ வாடாமல் இருந்தது. மாமி காதை மறைத்துச் சால்வை போர்த்திக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடிகளை முழுக்க ஏற்றச் சொன்னார்.

கிரீன்வேஸ் சாலையில் திரும்பும்போது முதலில் காது சூடானது. யாரோ பின்னால் நின்று இரண்டு காதையும் திருகிவிட்டது போல இருந்தது. பிறகு கன்னம். பிறகு மண்டைத் தோல். கழுத்து வழியாக அது நெஞ்சுக்கு இறங்கியபோது நான் மெதுவாக ஏ.சி.யைப் போட்டேன்.

"மார்கழிலே ஏ.சி.யா? ஏம்ப்பா, உனக்கு என்ன ஆச்சு?"

ஏ.சி.யை இன்னும் கூட்டினேன். மிளகாய் அரைத்த கையை உடம்பெல்லாம் தேய்த்த மாதிரி எரிந்தது. அதற்கு மேல் எறும்பு ஊர்வது போல அரிப்பு. கையைப் பார்த்தேன். வழக்கமான கருப்புக் கைதான், ஒரு மாற்றமும் தெரியவில்லை. கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். அதே முகம். உள்ளே நெருப்பு, வெளியே ஒன்றுமில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது.

லாரியில் கிளீனராக இருந்தபோது நாக்பூர் தாண்டி ஒரு பகலில், எங்கள் டிரைவர் "சூடா இருக்குடா" என்று சட்டை பட்டனைக் கழற்றினார். அடுத்த நிமிடம் ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். வண்டி ஒரு கரும்பு வயலுக்குள் போய் நின்றதால் நான் பிழைத்தேன். அவர் பிழைக்கவில்லை. அந்த "சூடா இருக்குடா" என் காதிலேயே இருந்தது. எனக்கும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். பின்னால் ஒரு அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். இங்கே கரும்பு வயல் இல்லை, பாலம் இருக்கிறது, கீழே அடையாறு இருக்கிறது.

பாலத்தில் ஏறியதும் எரிச்சலோடு இன்னொன்றும் சேர்ந்தது. தலைக்குள்ளிருந்து யாரோ எதையோ வடிய விடுவது போல் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முன்னால் போன பஸ்ஸின் பின்பக்கம் தூரமாகப் போனது, கிட்டே வந்தது. கால் பிரேக்கில் இருக்கிறதா என்று காலுக்குத் தெரியவில்லை. இடது பக்கம் ஒதுக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். டயர் நடைபாதைக் கல்லில் உரசுகிற சத்தம் கேட்டது. மாமி "கடவுளே" என்றார். வண்டி குலுங்கி நின்றது.

கண்ணைத் திறந்தால், பானட்டுக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் ஒரு துடைப்பம் கிடந்தது. அதற்கு அடுத்து, பளபளக்கும் பட்டை போட்ட மேல்கோட்டோடு ஒரு துப்புரவுத் தொழிலாளி அம்மா, கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

அவர் நேராக என் கதவுக்கு வந்தார். "யோவ்! கண்ணு இன்னா முதுகுலயா கீது? காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டியா? இன்னும் ஒரு அடி வந்திருந்தா என்னியும் சேத்துல்ல பெருக்கியிருப்ப!"

"அவன் குடிக்க மாட்டாம்மா" என்று மாமி பின்னாலிருந்து சொன்னார்.

"எல்லா வூட்லயும் அப்டித்தான் சொல்வாங்க. ஊது. ஊதுய்யா பாக்கலாம்."

நான் ஊதினேன். டீ வாசனைதான் வந்திருக்கும். அந்த அம்மாவின் முகம் மாறியது. என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "அய்ய, இன்னாயா இது, அடுப்பு மாதிரி கொதிக்குது" என்றார். அடுத்து அவர் செய்ததை நான் மறக்க முடியாது. தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து முழுவதையும் என் தலையில் ஊற்றினார். ஒரு ஆட்டோவை நடுப்பாலத்தில் கையைக் காட்டி நிறுத்தி, என்னை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார். மாமியையும் ஏற்றிவிட்டார். கார் சாவியை வாங்கி மாமியிடம் கொடுத்து, "வண்டிய நான் பாத்துக்கினு இருக்கேன், நீ போம்மா" என்றார். ஒரு நிமிடத்துக்கு முன் நான் கொல்லப் பார்த்த ஆள் அவர்.

அடையாறில் பாலத்தை ஒட்டிய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தார்கள். பிரஷர் பார்த்த நர்ஸ் இரண்டாவது முறை பார்த்தார். மேல் எண்ணே தொண்ணூறைத் தொடவில்லை. ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அது சரியாக இருந்தது. டியூட்டி டாக்டர் இளம் பெண். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அப்போதுதான் நானும் பார்த்தேன். என்னுடையது மருதாணி கழுவிய கை போலச் சிவந்திருந்தது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"டீ."

"மாத்திரை ஏதாவது?"

"இல்ல டாக்டர். வைட்டமின் மட்டும்தான்."

பையில் இருந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு எத்தனை என்று கேட்டார். மூன்று என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இது வைட்டமின்தான், பொய்யில்லை. ஆனால் உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையானது இதில் துளியளவுதான். அது நாம் தின்கிற சாப்பாட்டிலேயே பெரும்பாலும் வந்துவிடும். இத்தனை அதிகமாகப் போட்டால் அது சத்து இல்லை, மருந்து. தோலுக்கு அடியில் இருக்கிற சின்னச் சின்ன ரத்தக் குழாய்களை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துவிடும். ரத்தம் தோலுக்கு ஓடும், அதனால் எரியும், அரிக்கும். எல்லாம் அங்கே ஓடிவிட்டால் பிரஷர் இறங்கும், தலை சுற்றும். வெறும் வயிறும் கொதிக்கிற டீயும் அதற்குத் தூபம் போட்ட மாதிரி.

"அப்ப இத எதுக்கு டாக்டர் விக்கிறாங்க?"

கொழுப்புக்காக என்றார். உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு ரத்தத்துக்குள் இறங்குவதை இது பிடித்து நிறுத்தும், ஈரல் கெட்ட கொழுப்பைத் தயாரிப்பதும் குறையும். அதனால் ஒரு காலத்தில் கொலஸ்ட்ரால்காரர்களுக்கு நிறைய எழுதினார்கள். இப்போது அதைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டதால் அதிகம் எழுதுவதில்லை. எழுதினாலும் கொஞ்சமாக ஆரம்பித்து, சாப்பாட்டுக்குப் பின் கொடுத்து, ஈரலையும் சர்க்கரையையும் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். ஏனென்றால் இது ஈரலையே கெடுத்துவிடவும் செய்யும்.

மாமி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அவர் சொன்னார், உடம்பெல்லாம் எரியறதுடின்னு" என்றார், யாரிடம் என்றில்லாமல். "எதுக்கெடுத்தாலும் ஒண்ணு சொல்றவர்தானேன்னு நான் காதுலயே போட்டுக்கலை."

எனக்கு எரிச்சல் குறைய ஆரம்பித்திருந்தது. சாகப் போவதில்லை என்று தெரிந்ததும் சிரிக்கக்கூடத் தோன்றியது. அப்போது டாக்டர் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார். "வேற யாருக்காவது குடுத்தீங்களா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

என் உடம்பு முழுக்க இருந்த சூடு ஒரு நொடியில் போய்விட்டது.

சொன்னேன். ஏழு மாதம் என்று சொன்னேன். வெறும் வயிற்றில் இரண்டு போடச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வீட்ல தனியா இருப்பாங்களா?" என்று கேட்டார். "தலை சுத்தி விழுந்தா வயித்துல அடிபடும். உடனே கூப்பிட்டு, போடாதேன்னு சொல்லுங்க. போட்டிருந்தா படுக்கச் சொல்லுங்க, இங்க கூட்டிட்டு வாங்க."

நண்பனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. சவாரியில் இருக்கும்போது எடுக்க மாட்டான். எடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அவன் மனைவியின் நம்பர் என்னிடம் இல்லை. நண்பனின் மனைவி நம்பரை எதற்கு வைத்திருக்கப் போகிறேன்?

எழுந்து நின்றேன். நர்ஸ் கத்தினார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மாமி என்னை மறிப்பார் என்று நினைத்தேன். அவர் சால்வையை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார். "நான் குடுத்ததுதானே" என்றார்.

அடையாறிலிருந்து கோட்டூர்புரம் எவ்வளவு தூரம்? வேறு நாளில் பத்து நிமிடம். அன்று காந்தி மண்டபம் சாலை முழுக்க ஆபீஸ் வண்டிகள். நான் திரும்பத் திரும்ப அவனுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தேன். கோட்டூர்புரம் நூலகத்துக்குப் பக்கத்து சிக்னலில் அவனே கூப்பிட்டான்.

"இன்னா மச்சி, பதினோரு மிஸ்டு கால். எவனாச்சும் செத்துப் பூட்டானா?"

"தங்கச்சி அந்த மாத்திரையப் போட்டுச்சா?"

"போட்டுச்சே. ரெண்டு. நானே சுடுதண்ணி வெச்சிக் குடுத்து, கண்ணு முன்னாடி போட வெச்சிட்டுத்தான் வண்டிய எடுத்தேன். ஏன்?"

மாமி போனை வாங்கி, "நீ உடனே உன் ஆத்துக்கு வாப்பா" என்று மட்டும் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் எனக்குத் தண்ணீர் டம்ளரைக்கூட மேடையில் வைத்துத்தான் கொடுப்பார்கள். ஆட்டோ நிற்கும் வரை அவர் என் கையை விடவில்லை.

மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடியில் கண் மறுபடி இருட்ட, படியில் கையை ஊன்றி ஏறினேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன். பதில் இல்லை. உள்ளே பாத்ரூமில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. குழாய் திறந்தபடி இருந்தது. ஆள் சத்தம் இல்லை. ஈரத் தரை, ஏழு மாத வயிறு, சுற்றுகிற தலை. நான் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. எவ்வளவு நேரம் அடித்தேன் என்று தெரியாது.

குழாய் நின்றது. தாழ் திறந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் நின்றாள்.

"அண்ணே? இன்னாண்ணே, இப்டி நனஞ்சினு நிக்கிற? அவருக்கு இன்னா ஆச்சு?"

"மாத்திரை... எரியுதா? தலை சுத்துதா? உக்காரும்மா, முதல்ல உக்காரு."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் மூச்சு வாங்க ஏறி வந்த மாமியைப் பார்த்தாள். பிறகு திருட்டுத்தனம் பிடிபட்டவள் போலத் தலையைக் குனிந்துகொண்டு ஜன்னலைக் காட்டினாள். ஜன்னல் கட்டையில், தொட்டிச் செடிக்குப் பின்னால், இரண்டு வெள்ளை மாத்திரைகள் பாதி கரைந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

"அவராண்ட சொல்லிடாதண்ணே. நாக்கு அடியில வெச்சிக்கினு தண்ணிய மட்டும் முழுங்கினேன். செக்கப் பண்ற நர்ஸக்கா என் நோட்டுல எழுதாத மாத்திரய போடக்கூடாதுன்னு சொல்லியிருக்கு. அவரு ராத்திரிலேர்ந்து அத்த சட்டப் பையிலயே வெச்சிக்கினு, காலைல சுடுதண்ணிலாம் வெச்சிக் குடுக்கறாரு. வேணான்னா மூஞ்சி தொங்கிடும். மீதிய செவ்வாக்கெழம நர்ஸக்காவாண்ட காட்டி, போடலாமான்னு கேக்கலாம்னு வெச்சிருக்கேன்."

நான் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாமி அவள் தலையைத் தொட்டுப் பார்த்தார், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் நண்பன் மூன்று மாடியையும் ஓடி ஏறி வந்தான். அந்த மாத்திரை எனக்குச் செய்ததையும் டாக்டர் சொன்னதையும் அவனிடம் சொன்னேன். ஜன்னல் கட்டையைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "அடிப்பாவி, என்னியே ஏமாத்திக்கிறியா நீ" என்றான். முகத்தில் கோபம் வைத்துக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகு நேரம் முகம் கழுவினான்.

மாமி அவளிடமிருந்து மீதி மாத்திரைகளையும், திரும்பும் வழியில் ஆஸ்பத்திரியில் விட்டுவந்த டப்பாவையும் வாங்கிக்கொண்டார். கார் பாலத்தில் அப்படியே நின்றது. பானட்டில் சாய்ந்துகொண்டு அந்தத் துப்புரவு அம்மா நின்றிருந்தார். "பொழச்சிக்கினியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார். அவர் பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் டப்பா கொடுப்பது நின்றுபோனது. நானும் அடுத்த ஆடிக்குள் சென்னையை விட்டுக் கிளம்பி, இரண்டு ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நண்பனின் மகளுக்கு இப்போது ஓடி வந்து என் சட்டைப் பையில் கை விடுகிற வயது. பையில் எதுவும் இருக்காது. ஆனாலும் அந்தச் சின்னக் கை உள்ளே போகும் ஒவ்வொரு முறையும், அவள் அம்மா நாக்குக்கு அடியில் மறைத்துவைத்த அந்த இரண்டு மாத்திரைகளால்தான் இந்த வீட்டுக்குள் என்னால் இன்றும் தலைநிமிர்ந்து வர முடிகிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.